சாலை முடிகிற இடம்

"பொக்லைனைக் கொண்டாந்தா ரெண்டே அள்ளுல முடிஞ்சுடும்ணே," என்று பொக்லைன்காரர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, ரோலர்க்காரர் கடப்பாரையைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வேணாம். கையாலயே தோண்டுவோம்."

"மண்ணு இறுகிக் கிடக்கு. மத்தியானம் ஆயிடும்."

"ஆகட்டும். அவ என்ன தண்ணிக் குழாயா, மிஷினால தோண்டிப் புதைக்க?"

பொக்லைன்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். மேட்டையே பெயர்த்துச் சாலை போடுகிற கூட்டம் அது. அதில் ஆறு ஆண்கள் ஒற்றை ஆளுக்கான குழிக்காக வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் அரை நாள் விடுப்பு கொடுத்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர்களிடம் பேசி, அவர்களுடைய இடுகாட்டின் ஓரத்தில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கியதும் அவர்தான்.

அந்த மேட்டிலிருந்து பார்த்தால் கூட்டம் தங்கியிருந்த தகரக் கொட்டகைகள் வரிசையாகத் தெரியும். ஐந்து நிமிட நடை. கடைசிக் கொட்டகையில் ரோலர்க்காரரின் மனைவியைப் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடிகிற நேரத்தில் போய்விட்டாள். "கொஞ்சம் தண்ணி" என்று கேட்டாள். அவர் தம்ளரோடு திரும்புவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தம்ளரை எங்கே வைத்தார் என்று அவருக்கு இப்போது நினைவில்லை.

கூட்டத்தில் அவளுக்குப் பெயர் சிக்னல் அக்கா. சாலையின் ஒரு பாதியைப் போடும்போது மறுபாதியில் இரண்டு பக்கத்து வண்டிகளும் மாறி மாறிப் போகவேண்டும். அதற்கு ஒரு ஆள் வெயிலில் பலகை பிடித்து நிற்கவேண்டும். ஒரு பக்கம் சிவப்பில் 'நில்', மறுபக்கம் பச்சையில் 'செல்'. பதினொரு வருஷமாக அதுதான் அவள் வேலை. வீட்டிலோ பேசுவதும் அதட்டுவதும் முடிவு செய்வதும் ரோலர்க்காரர்தான். அவள் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் என்பது அவருடைய எண்ணம். எப்போதாவது வாயைத் திறந்தால் அவரைக் கிண்டல் செய்யத்தான் திறப்பாள். "உங்களை நம்பி வீட்டை விட்டு ஓடிவர முடியுமா? ரோலர்ல ஏறி ஓடினா எங்கப்பா பின்னாலயே நடந்து வந்து பிடிச்சிருப்பாரு" என்பாள்.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், வந்து நாளாகிவிட்டது, முற்றியும்விட்டது. ரோலர்க்காரர் கொட்டகைக்கு வந்து எல்லாரிடமும் சொன்னதோ வேறு: "வயித்துப் புண்ணு. காரம் சாப்பிடக் கூடாதாம்." அந்த இடத்தின் பெயரை நாலு ஆண்கள் நடுவில் எப்படிச் சொல்வது? சொன்னால் அவளைப் பற்றி என்ன பேசுவார்கள், தன்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? பொய்தான். ஆனால் மானத்தைக் காப்பாற்றுகிற பொய் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மேட்டில் ஏறி மகள் ஓடிவருவது தெரிந்தது. பதின்மூன்று வயது. குழந்தையாக இருந்தபோது ஜல்லிக் குவியல் மேல் சாக்கு விரித்துத் தூங்கப் போட்டதால் அவளுக்கு ஜல்லி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அப்பா, நீ வா. நர்ஸம்மா வந்திருக்காங்க. எல்லாரும் சேர்ந்து அவங்களைத் திட்டுறாங்க."

"எந்த நர்ஸம்மா? யாருக்கு என்ன?"

ஜல்லி தரையைப் பார்த்தாள். பொக்லைன்காரர்தான் மண்வெட்டியை வீசி எறிந்தார். "அந்தம்மாவா? இன்னிக்கேவா? என்னா நெஞ்சழுத்தம்!" என்றபடி முன்னால் நடந்தார். மற்றவர்களும் பின்னால் இறங்கினார்கள்.

கொட்டகைகளுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. அதன் பக்கத்தில், நடுவயதைத் தாண்டிய ஒரு நர்ஸ், காலடியில் நீலப் பெட்டியோடு நின்றார். சுற்றிலும் பெண்கள். தார் காய்ச்சும் கொப்பரைக்கு விறகு தள்ளுகிற கொப்பரையக்காதான் எல்லாருக்கும் முன்னால் நின்று அழுதுகொண்டே, "போயிடும்மா, உனக்குப் புண்ணியமா போகும், போயிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பொக்லைன்காரரின் மனைவி. இரண்டு பெண் பிள்ளைகள். இருவரையும் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"நீ போட்ட ஊசிதானே அக்காவைக் கொண்டுபோச்சு," என்று பொக்லைன்காரர் எடுத்த எடுப்பிலேயே கத்தினார். "இப்ப எங்க பிள்ளைங்களையும் கேட்டு வந்தியா?"

"என்ன ஊசி?" என்றார் ரோலர்க்காரர்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு மட்டும்தான் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆறு மாதமாகப் பெண்கள் தங்களுக்குள் கட்டிக்காத்த விஷயம். அக்கா எலும்பும் தோலுமாகத் தேயத் தேயப் பயந்து, ஒருத்தி ஒருத்தியாகப் புருஷன்களிடம் உளறி, நேற்றைக்குள் எல்லாருக்கும் தெரிந்து, ரோலர்க்காரர் ஒருவர்தான் பாக்கி.

நர்ஸ் கொட்டகையின் உள்ளே எட்டிப் பார்த்தார். துணி மறைத்திருந்தது. "எனக்குத் தெரியாதுங்க," என்றார் மெதுவாக. "இங்க வந்துதான் தெரியும். தெரிஞ்சிருந்தா பெட்டியோட வந்து நின்னிருக்க மாட்டேன்." பிறகு ரோலர்க்காரரைப் பார்த்து, "நீங்க அவங்க வீட்டுக்காரரா? உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க," என்றார் அவர்.

"ஆறு மாசம் முன்னாடி, நாப்பத்திரெண்டாவது கிலோமீட்டர்ல. ஒரு பள்ளிக்கூடத்துல ஊசி போட்டுட்டுத் திரும்பிட்டிருந்தோம். அக்கா 'நில்'லுன்னு காட்டினாங்க, நின்னோம். எதிர்ப்பக்கத்து வண்டியெல்லாம் போயிடுச்சு. அப்பவும் 'நில்'லுதான். டிரைவர் ஹாரன் அடிச்சாரு. அக்கா நேரா வந்து ஜன்னல்ல குனிஞ்சாங்க. 'பொம்பளைப் பிள்ளைங்களுக்குக் கர்ப்பப்பை புத்து வராம இருக்கப் போடுற ஊசி வண்டிதானே இது? எங்ககிட்ட பதினோரு பிள்ளைங்க இருக்கு, போட்டுட்டுப் போங்க'ன்னாங்க. பள்ளிக்கூட லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் போட முடியும்னேன். 'ரோடு போடுறவங்க பிள்ளைங்க எந்த லிஸ்ட்லம்மா இருக்கும்? மூணு மாசம் ஒரே இடத்துல இருந்தாலே எங்களுக்கு அதிசயம்'னாங்க. ஆபீசுக்குப் போன் போட்டுக் கேக்கணும்னேன். 'நிதானமா கேளுங்க. அதுவரைக்கும் இங்க யாரும் போகப்போறதில்ல'ன்னு பலகையைத் தரையில ஊன்றி நின்னுட்டாங்க."

ரோலர்க்காரருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நாற்பது நிமிடம் சாலை செத்துக் கிடந்தது. அவர் ஒரு கிலோமீட்டர் பின்னால், ரோலரின் மேல் உட்கார்ந்து, கொட்டிய தார் ஆறுகிறதே என்று கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கேட்டதற்கு அவள், "ஒரு வண்டி மக்கர் பண்ணிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"பின்னால கண்ணுக்கெட்டுன தூரம் வண்டி," என்று நர்ஸ் தொடர்ந்தார். அவருடைய குரலில் வருத்தத்தையும் மீறி ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "ஒரு பஸ் டிரைவர் அடிக்கிற மாதிரி இறங்கி வந்தாரு. அக்கா அசரலையே! 'உங்களுக்குப் பொண்ணு இருக்கா?'ன்னு கேட்டாங்க. ரெண்டு இருக்குன்னாரு. 'அதுங்களுக்கு இந்த ஊசி போட்டாச்சா?'ன்னாங்க. மனுஷன் திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம் ஹாரன் அடிச்சவங்களையெல்லாம் அவரே போய் அடக்கிட்டு வந்தாரு. அந்த பஸ்லேர்ந்தே ரெண்டு அம்மாங்க அவங்கவங்க பிள்ளைங்களை இறக்கிக் கூட்டிட்டு வந்து வரிசையில நின்னாங்க. என் சர்வீஸ்ல நான் அப்படி ஒண்ணைப் பார்த்ததில்லைங்க."

"இதெல்லாம் சரி," என்று பொக்லைன்காரர் குறுக்கிட்டார். "முதல் ஊசி அக்காவுக்குத்தானே போட்டே? என் பொண்டாட்டி கண்ணால பார்த்திருக்கா."

"போடலைங்க. பிள்ளைங்க பயந்து அழுதுச்சு. அக்கா வந்து முதல்ல உக்காந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு, 'போடுற மாதிரி காட்டுங்க'ன்னு என் காதுல சொன்னாங்க. மூடியைக் கழட்டாமலே தோள்ல வச்சு எடுத்தேன். சத்தியமா அவ்வளவுதான். அவங்க வயசுக்கு அதைப் போட மாட்டோம்."

"கதை விடாதே. அன்னிலேர்ந்துதான் அக்கா உருக ஆரம்பிச்சாங்க. வெறும் வயித்துப் புண்ணு வந்தவங்க இப்படியா சாவாங்க? அண்ணே, நீங்களே சொல்லுங்க!"

ரோலர்க்காரர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸுக்கு உண்மை தெரியும் என்பது அவர் திருப்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவர் ரோலர்க்காரரை வேனின் பின்பக்கமாகத் தனியே அழைத்துப் போனார்.

"அக்கா என்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாங்க, அவங்களுக்கு என்னன்னு. அது அவங்க என்னை நம்பிச் சொன்னது. நான் வெளிய சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும்."

"இந்த ஊசியை அப்புறமா போட்டுக்கக் கூடாதா?"

"ரெண்டாவது தவணை இது. இதைப் போட்டாத்தான் எங்க கணக்குல முழுசா முடியும். நாளைக்கு நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் போறீங்களாம், பிள்ளைங்க சொல்லுச்சு. அது என் எல்லை இல்லை. அங்க உங்களைத் தேடி யாரும் வரமாட்டாங்க, ஏன்னா நீங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது." நர்ஸ் பெட்டியின் மூடியைத் தடவினார். "விலாசம் கேட்டப்ப அக்கா கிலோமீட்டர் நாப்பத்திரெண்டுன்னுதான் எழுதச் சொன்னாங்க. இன்னிக்குக் காலையில அங்க போனேன். அடுப்புக் கல்லு மட்டும் கிடக்கு. அப்பத்தான் அவங்க சொன்ன இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. 'எங்களைக் காணோம்னா புது ரோட்டுலயே வாங்க. ரோடு எங்க முடியுதோ அங்க இருப்போம்'னாங்க. அப்படியே தார் கறுப்பா இருக்கற பக்கமா வந்துட்டேன்."

ரோலர்க்காரர் வேனைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். பெண்கள் வேலையை முடித்து, அவளைப் பாயில் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரத் தலையை யாரோ வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். முகம் சின்னதாகி, சின்னப் பெண் போல இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "மகள் இருந்தா ஊசி போட்டுடுங்க" என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். வெளியே வந்ததும் ரோலர்க்காரர், "சின்னப் பொண்ணுக்கு அந்த மாதிரி வியாதிக்கு ஊசியா? பின்னால பிள்ளை பொறக்காதுன்னு ஊர்ல சொல்றாங்க. பேச்சே எடுக்காதே" என்றார். அவள் பேசவில்லை. சரி, ஒப்புக்கொண்டாள் என்று அவர் நினைத்தார். அவள் பேசாமல் போய் ஒரு பஸ்ஸையும் முப்பது லாரியையும் நிறுத்தியிருக்கிறாள்!

அவர் ஓட்டுவது பத்து டன் ரோலர். அதன் மேல் உட்கார்ந்தால் தானே பெரிய ஆள் என்று ஒரு மிதப்பு வரும். இவளோ அன்றைக்கு நாற்பது கிலோகூட இருந்திருக்கமாட்டாள். இடுப்பு வலி தாங்காமல் அடிக்கடி குந்திக்கொள்வாள். அந்த உடம்போடு நடுச்சாலையில் நின்று, ஹாரன் சத்தத்துக்கு நடுவில், தன் மகளுக்கு மட்டுமல்ல, கூட்டத்துப் பிள்ளைகள் அத்தனைக்கும், வழியோடு போன யாரோ இரண்டு பிள்ளைகளுக்கும்கூட ஊசி போடவைத்திருக்கிறாள். ரோலர்க்காரர் மலைத்துப் போனார். பதினைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த ஒருத்தியை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. அவளைத் தொடலாமா என்றுகூட ஒரு கணம் தயங்கினார். கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஜல்லி வந்து பக்கத்தில் நின்றாள்.

"உனக்கும் அன்னிக்குப் போட்டாச்சா?"

"ம். எனக்குத்தான் முதல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அம்மா சொல்ல வேணாம்னாங்க. நீ கத்துவேன்னு. ஒருநாள் அவங்களே உன்கிட்ட சொல்லிக்கிறேன்னு சொன்னாங்க."

வெளியே பொக்லைன்காரரின் குரல் மறுபடி உயர்ந்தது. வேனின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நர்ஸ் கிளம்புகிறார். ரோலர்க்காரர் எழுந்து வெளியே வந்தார்.

"நர்ஸம்மா, நில்லுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அதட்டலுக்கு என்றுமே பஞ்சமில்லாத மனுஷர், அன்றைக்கு ஒரு வார்த்தைக்குத் தவியாய்த் தவித்தார்.

"அவளுக்கு வயித்துப் புண்ணு இல்ல," என்றார். "நான் பொய் சொன்னேன்."

யாரோ, "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்" என்றார்கள்.

"கர்ப்பப்பை வாயில புத்து. போன வருஷமே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஊசிக்கு எத்தனையோ மாசம் முன்னாடியே. அவளைக் கொன்னது ஊசியில்ல. அவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்த ஊசியை யாரும் அவளுக்குப் போடல, அதான்." வயதான ஜல்லிக் கலவைக்காரர் காதில் விழாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோலர்க்காரர் நிறுத்தவில்லை. "அது ஒரு கிருமியாம். கல்யாணம் ஆன எல்லாருக்கும் வந்து போறதுதானாம். சில பேருக்கு மட்டும் போகாம உள்ளயே தங்கிடுமாம். அது என்கிட்டேர்ந்துகூட அவளுக்கு வந்திருக்கலாம். டாக்டரம்மா யார்மேலயும் தப்பில்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா எனக்குத்தான் வெக்கம். அதனால மூடி வச்சேன். நான் மூடி வச்சதுக்கு நீங்க இந்தம்மாவைத் திட்டுறீங்க."

ஒரு லாரி புதுச் சாலை முடிகிற இடம்வரை வந்து, வேகம் குறைத்து, மண்பாதையில் இறங்கிப் போனது. பொக்லைன்காரர் ரோலர்க்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "குழி பாதியில கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை.

கொப்பரையக்கா புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு திரும்பவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, பின்னால் ஒளித்து வைத்திருந்த இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"வாங்கடி. அக்கா நிக்க வச்ச வண்டி. சும்மா அனுப்பக் கூடாது."

வேனின் நிழலில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். முதலில் ஜல்லி வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் தலைக்கு ஊற்றிய தண்ணீரில் அவளுடைய பாவாடை இன்னும் நனைந்துதான் இருந்தது. நர்ஸ் ஒரு அட்டையை எடுத்தார். அதில் அவளுடைய அம்மாவின் கையெழுத்து, கோணல்மாணலாக, கோட்டை விட்டு வெளியே போயிருந்தது.

"நானும் கையெழுத்து போடணுமா?" என்று ரோலர்க்காரர் கேட்டார்.

"தேவையில்லைங்க. அவங்க போட்டதே ரெண்டு தவணைக்கும் சேர்த்துத்தான்."

"இருக்கட்டும். பேனா குடுங்க."

அவளுடைய கையெழுத்துக்குக் கீழே இடம் பார்த்து, அதைத் தொடாமல், தன்னுடையதைப் போட்டார்.

பத்துப் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். கலவைக்காரர் தன் பேத்தியை அனுப்பவில்லை. அந்தப் பிள்ளை கதவிடுக்கு வழியாகக் கடைசிவரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி, அந்தப் பிள்ளையின் அம்மாவின் கையில் மடித்துக் கொடுத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டாள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் கொஞ்ச நேரம் நிழலில் உட்காரவேண்டும் என்று நர்ஸ் சொன்னார். அதுவரைக்கும் பிணத்தை எடுக்கவேண்டாம் என்று ரோலர்க்காரர் சொன்னார். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

எடுத்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நர்ஸும் வேனை அங்கேயே விட்டுவிட்டுக் கூட நடந்தார். மேட்டில் குழி வெட்டி முடிந்திருந்தது. மீதியைப் பொக்லைன்காரர் தனி ஆளாகவே வெட்டியிருந்தார். ஓரங்களெல்லாம் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. அவருடைய கைகளில் கொப்புளம் கிளம்பியிருந்தது. தன் இரண்டு மகள்களும் வரிசையில் ஊசி போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குழிக்குள் உதிர்ந்த மண்ணைக் கையாலேயே அள்ளி வெளியே போட்டுவிட்டு மேலே ஏறினார்.

அவளை இறக்கினார்கள். ரோலர்க்காரர் ஒரு பிடி மண் போட்டார். அடுத்தது ஜல்லி. அவள் நகராமல் நின்றாள். நர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. வலது கையால் இடது தோளில் அதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணு போடும்மா," என்றாள் கொப்பரையக்கா.

ஜல்லி அப்பாவைப் பார்த்தாள். ரோலர்க்காரர் பக்கத்தில் வந்து, மண் ஒட்டிய கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, அவளுடைய விரலுக்குக் கீழே தன் கட்டைவிரலை நுழைத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிடிச்சிருக்கேன். நீ போடு."

அவள் குனிந்து மண்ணை அள்ளினாள். அவள் குனிந்த அளவுக்கு அவரும் குனிந்தார்.